சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்

(நோட்டன் பிரிட்ஜ் பகுதித் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மழையிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வழுக்கும் படிகளில் இறங்கி வந்திருக்கிறீர்கள். வேலை நாளில் மலைக்குப் போய், வீட்டு வேலையையும் முடித்துவிட்டு, மிஞ்சிய கொஞ்ச நேரத்தை எமக்குத் தந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இளைப்பாறுதல். கடவுளை நம்பி இளைப்பாறுவது என்றால் என்ன? இங்கே வேதக்கார வீட்டார் இருக்கிறீர்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீட்டாரும் இருக்கிறீர்கள். நாம் கிறிஸ்தவ விசுவாசத்தில் நின்று பேசுகிறோம். ஆனால் களைப்பு எல்லா லயத்திலும் ஒன்றுதான். ஆகவே எல்லோரும் கேட்கலாம், எல்லோரும் யோசிக்கலாம்.

கொழுந்துக் கூடை நிறைந்தால் என்ன செய்கிறோம்? மடுவத்துக்குக் கொண்டுபோய் இறக்குகிறோம், நிறுக்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். அதோடு அந்தச் சுமை முதுகை விட்டுப் போய்விடுகிறது. ஆனால் நிறுக்க முடியாத சுமை ஒன்று இருக்கிறது. அடகில் கிடக்கிற தோடு, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரர், கொழும்பில் கடை வேலைக்குப் போன மகன், மத்திய கிழக்குக்குப் போய் மூன்று மாதமாகப் பேசாத மகள், குடித்துவிட்டு வருகிற மனுசன். இவற்றை எந்த மடுவத்தில் இறக்குவது? உடம்பு படுத்துவிடுகிறது, ஆனால் மனசு படுக்க மாட்டேன் என்கிறது. “ராத்திரி பூரா கண்ணு மூடலீங்க” என்று எத்தனை அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்!

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் இயேசு ஓர் அழைப்பு விடுத்தார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. உழைத்துக் களைத்தவர்களும் சுமை தாங்குகிறவர்களும் தம்மிடம் வரலாம், தாம் அவர்களை இளைப்பாறச் செய்வதாக அவர் சொன்னார். முதலில் குளித்துவிட்டு வா, கடனை அடைத்துவிட்டு வா, காணிக்கையோடு வா என்று அவர் சொல்லவில்லை. களைப்பு ஒன்றே போதும், அதுதான் அவரிடம் போவதற்கான சீட்டு.

இளைப்பாறுதல் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். இளைப்பு ஆறுவது இளைப்பாறுதல். சூடான தேத்தண்ணி ஆறுகிறது. புண் ஆறுகிறது. கோபம் ஆறுகிறது. அதே போல இளைப்பும் ஆற வேண்டும். ஆறுவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும், ஓர் இடம் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் தாமே என்கிறார் இயேசு.

ஆனால் அதே அழைப்பில் இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளும்படி அவர் கேட்கிறார். “இதென்ன, சுமையை இறக்க வந்தவனுக்கு இன்னொரு சுமையா?” என்று கேட்கத் தோன்றும். நமது மலைகளில் ஏர் பூட்டுவதில்லை. ஆனால் நம் முன்னோர் வந்த ஊர்களில் எல்லோருக்கும் நுகத்தடி தெரியும். அது இரண்டு மாடுகளைச் சேர்த்துப் பூட்டுகிற மரம். புது மாட்டைப் பழக்கும்போது பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டுவார்கள். பழகிய மாடு பாதை பார்க்கும், பாரத்தையும் கூடுதலாக இழுக்கும். இயேசு தச்சு வேலை செய்து வளர்ந்தவர். அவர் ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே தோளை உரசாத நுகம் எது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். நாளைக்கும் மலைக்குப் போக வேண்டும், நாளைக்கும் கூடை இருக்கும். ஆனால் தனியாக இழுக்க வேண்டியதில்லை. இதுதான் அவர் தருகிற வாக்கு.

இனி, கடவுள் ஓய்வைப் பற்றி முதலில் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று பார்ப்போம். யாத்திராகமம் என்ற புத்தகத்தில், எகிப்து தேசத்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த ஒரு ஜனத்தின் கதை இருக்கிறது. ஒரு கட்டத்தில் அரசன் அவர்களுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டான். ஆனால் நாளுக்கு இத்தனை செங்கல் என்ற கணக்கை மட்டும் குறைக்கவில்லை. மலையில் கொழுந்து இல்லாத காலத்திலும் கிலோ குறைந்தால் அரைப்பேர் போடப்பட்ட அனுபவம் உள்ள நமக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

அந்த ஜனங்கள் விடுதலையாகி வனாந்தரத்துக்கு வந்தபோது, கடவுள் அவர்களுக்கு மன்னா என்ற உணவைத் தந்தார். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்று பொறுக்கிக்கொள்ள வேண்டும். பயத்தில் மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுடையது புழுத்துப் போனது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு கிடைத்தது. ஏழாம் நாள் யாரும் வெளியே போக வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அடிமைத்தனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்! ‘இன்னைக்கு வேலைக்குப் போகாட்டியும் சாப்பாடு உண்டு, என்னை நம்பு’ என்று கடவுள் அவர்களுக்குப் பழக்கினார். பத்துக் கட்டளைகள் வருவதற்கு முன்பே இந்தப் பாடம் வந்துவிட்டது.

பிறகு கட்டளை வந்தபோது, அது வீட்டுத் தலைவனுக்கு மட்டும் ஓய்வு தரவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன், மாடு, கழுதை எல்லோருக்கும் ஓய்வு வேண்டும் என்றது. உபாகமம் 5ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் சொல்கிறது. நீயும் ஒரு காலத்தில் அடிமையாய் இருந்தவன், அதை மறக்காதே என்பதுதான் அந்தக் காரணம். ஆகவே வேதாகமத்தின்படி ஓய்வு என்பது பெற்றுக்கொள்கிற காரியம் மட்டும் இல்லை, நம் கைக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய காரியமும் கூட. இந்த உரையில் நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

நம் முன்னோரின் கதையையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கோப்பிக் காலத்தில் கடல் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு, இந்த மலைகள் எல்லாம் கொழுந்து மலைகளாயின. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாக உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து சுவிசேஷம் சொன்னார்கள், எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். துரைமாரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். டிக்கோயாவில், இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிற வார்லி தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. கல்லால் கட்டிய அந்தக் கோயிலை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இத்தனை காலமாக ‘கடவுளை நம்பு’ என்ற வார்த்தை இந்த மலைகளில் ஒலிக்கிறது. ஆனால் அதைச் சிலர் ‘வாயைப் பொத்திக்கொண்டு இரு’ என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியா? சரியில்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள்.

ஜோசப் வாஸ் அடிகளாரைப் பாருங்கள். கோவாவில் பிறந்த குருவானவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழ் படித்தார், சிங்களமும் படித்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சொல்லி அவரைச் சிறையில் அடைத்தார்கள். அங்கேயும் அவர் சோர்ந்து போகவில்லை. 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். தெருவிலும் காட்டிலும் கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு அவர் கஞ்சி கொடுத்தார், புண் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். மதம் பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே கண்ணை மூடினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். கடவுளை நம்பியவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நம்பியதனால்தான் மற்றவர் பயந்து ஓடிய இடத்தில் அவரால் நிற்க முடிந்தது.

நமக்குக் கிட்டிய காலத்தில் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் வாழ்ந்தார். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காக எழுதினார், பேசினார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் மக்கள் நாடற்றவர்களாக்கப்பட்டது அவருக்கு விசுவாசத்தைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது. 2003இல் மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தபோது, அப்படிப் பேசிய பலருடைய உழைப்பும் அதன் பின்னால் இருந்தது. அவர் 2017இல் காலமானார். ஜெபமும் நியாயம் கேட்பதும் ஒரே வாயிலிருந்து வரலாம் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

அப்படியானால் கடவுளை நம்புகிறவன் தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தன் கையில் இல்லாததைக் கடவுள் கையில் விட்டுவிடுகிறான். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, வெளியேறுங்கள் என்று அறிவித்தல் வந்தால், ‘சாமி பாத்துக்கும்’ என்று இருப்பது நம்பிக்கை ஆகாது. அந்த அறிவித்தலையே கடவுள் தந்த எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி தருகிற மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இவ்வளவு காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். இயேசு தரும் இளைப்பாறுதலுக்கு விலைச் சீட்டு கிடையாது.

‘ஓய்வு எடுத்தால் சோம்பேறி என்பார்களே’ என்று சிலர் நினைக்கலாம். நம் கண் முன்னாலேயே பதில் இருக்கிறது. நோட்டன் அணையில் தண்ணீர் சும்மா நிற்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் அப்படி நின்று நிரம்பிய தண்ணீர்தான் குழாய் வழியாக இறங்கி, 1950இலிருந்து லக்ஷபான மின் நிலையத்தைச் சுற்ற வைக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். அடுத்த நாளே கூடையோடு அங்கே போகிறோமா? தேயிலைச் செடி வேரில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு தளிர் விட, மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். செடிக்குக் கொடுக்கிற ஓய்வை மனுசிக்குக் கொடுக்க வேண்டாமா?

இப்போது கொஞ்சம் மனம் கனத்த விஷயம். எலியா என்று ஒரு பெரிய தீர்க்கதரிசி இருந்தார். அவருக்கும் ஒரு நாள் எல்லாம் வெறுத்துப் போனது. வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, தான் செத்துப் போனால் நல்லது என்று கடவுளிடமே கேட்டார். கடவுள் என்ன செய்தார் தெரியுமா? திட்டவில்லை, ‘உனக்கு விசுவாசம் இல்லையா’ என்று கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பி, தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினார். சாப்பிட்டு மறுபடி படுத்தவரை மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் சாப்பாடு கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பேச்சு. நமது லயங்களிலும் “செத்துப் போனாத் தேவலை” என்ற வார்த்தை காதில் விழுகிறது. அதை வாய்ப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுங்கள், தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அவசரமானால் 1990 அம்புலன்சை அழைக்கலாம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. எலியாவும் தூதன் கொடுத்ததைச் சாப்பிட்டவர்தானே.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு லீவு நாள் என்கிறோம். யாருக்கு லீவு? கைக்காசுக் கொழுந்து இருந்தால் அன்றைக்கும் அம்மா மலைக்குப் போகிறாள். இல்லாவிட்டால் பீலிக்கரையில் ஒரு கிழமை உடுப்பும் துவைக்கிறாள், விறகு பொறுக்குகிறாள், இரண்டு கறி வைக்கிறாள், பிள்ளைகளுக்குத் தலை பார்க்கிறாள், கோயிலுக்கும் ஓடிப் போய் ஓடி வருகிறாள். இஸ்தோப்பில் உட்கார்ந்து இருப்பவர்களுக்குத் தேத்தண்ணியும் அவள்தான் ஊற்ற வேண்டும். திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்குப் போகும்போது, சனிக்கிழமை இருந்ததை விட அதிகக் களைப்போடு போகிறாள்.

மார்த்தாள், மரியாள் என்ற இரண்டு சகோதரிகளின் கதை லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த இயேசுவின் பக்கத்தில் மரியாள் உட்கார்ந்து கேட்டாள். மார்த்தாள் அடுப்பு வேலையில் தவித்தாள். இயேசு மார்த்தாளைப் பெயர் சொல்லி அழைத்து, அவளுடைய கவலை அதிகம் என்று சொன்னார். இந்தக் கதையைச் சொல்லிப் பெண்களைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நாம் வேறு மாதிரி யோசிப்போம். உட்கார்ந்திருந்த மற்றவர்களும் எழுந்து போய் ஒரு பானையை இறக்கி வைத்திருந்தால், மார்த்தாளும் வந்து உட்கார்ந்திருக்கலாமே! சமையலை விட்டுவிடு என்று அவளுக்கு மட்டும் புத்தி சொல்வது சுலபம். அடுப்பைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் சுவிசேஷம்.

அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. “நாம உக்காந்தா வீடு ஓடாது” என்று நீங்களே நினைத்துப் பழகிவிட்டீர்கள். வீட்டைத் தாங்குகிறவர் கடவுள் என்று உண்மையாக நம்பினால், ஒரு மணி நேரம் உட்காரலாம். அப்படி உட்காருவதும் ஒரு ஜெபம்தான்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அன்றைக்குத் தண்ணீரும் விறகும் ஆண்கள் வேலை. பகல் சமையலில் ஐயாவும் மகனும் கை கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு அம்மா ஒரு மணி நேரமாவது படுக்கட்டும், யாரும் கூப்பிடக் கூடாது.

இரண்டாவது, அன்று மாலை வீட்டார் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கிழமை எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறைத்து வைத்த கடன்தான் இராத்திரியில் கண்ணைத் திறந்து வைக்கிறது. அடுத்த சம்பளத்தில் எதைச் செய்யலாம், எதை நிறுத்தலாம் என்று பேசி முடிவு எடுங்கள். சாராயக் கணக்கையும் அதில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளைக் கடவுள் முன் வைத்து, ‘எங்களால் ஆனது இவ்வளவு, மிச்சத்துக்கு நீரே துணை’ என்று சொல்லிவிட்டுப் படுங்கள். படகில் புயல் அடித்தபோது இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். பிதாவை நம்பியவரின் தூக்கம் அது.

மூன்றாவது, பக்கத்துக் காம்பராவைப் பாருங்கள். ஒருவர் சுமையை ஒருவர் தாங்க வேண்டும் என்று கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் அப்போஸ்தலர் சொல்கிறார். தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்கு ஒரு குடம் தண்ணீர், கைக்குழந்தைக்காரிக்கு அரை மணி நேரம் பிள்ளை பார்ப்பது, இவ்வளவு போதும். கிறிஸ்து தரும் இளைப்பாறுதல் பெரும்பாலும் இப்படிப்பட்ட கைகள் வழியாகத்தான் நம் லயத்துக்கு வந்து சேருகிறது.

அன்பானவர்களே! சம்பளம் உயர வேண்டும், லயத்துக்குப் பதில் சொந்தக் காணியும் வீடும் வேண்டும். அதற்கெல்லாம் நாம் தொடர்ந்து கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் அவை எல்லாம் வந்து சேரும் வரை இளைப்பாறாமல் இருக்க வேண்டியதில்லை. வனாந்தரத்தில் நடந்துகொண்டிருந்த ஜனத்துக்கு, சொந்த தேசம் போய்ச் சேரும் முன்பே கடவுள் ஏழாம் நாளைத் தந்துவிட்டார். உங்களுக்கும் அதைத் தருகிறார். வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கிற மற்றவருக்கும் அதில் பங்கு கொடுங்கள்.

இறைவன் உங்கள் பிள்ளைகளையும், உங்கள் உழைப்பையும், உங்கள் உறக்கத்தையும் ஆசீர்வதிப்பாராக.